17 முறை மருத்துவ ஊழியர்கள் பார்த்தார்கள், எக்ஸ்ரே மட்டும் எடுக்கவில்லை: எஸ்டெல் எதிர் காம்பிள் வழக்கு

1973 நவம்பர் 9. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சிறையில் ஜே. டபிள்யூ. காம்பிள் என்ற கைதி லாரியிலிருந்து பஞ்சுப் பேல் இறக்கிக்கொண்டிருந்தார். சிறை நிர்வாகம் போட்ட வேலை அது. அப்போது 600 பவுண்டு, அதாவது 270 கிலோவுக்கும் மேல் எடையுள்ள பேல் ஒன்று அவர்மீது விழுந்தது. காம்பிள் அப்படியே படுத்துவிடவில்லை, தொடர்ந்து வேலை பார்த்தார். நான்கு மணி நேரம் கழித்து உடம்பு விறைத்துப்போன பிறகுதான் சிறை மருத்துவமனைக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைத்தது.

அங்கே குடலிறக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வலி பொறுக்க முடியாமல் மறுபடி வந்தார். இந்த முறை வலி மாத்திரை கொடுத்தவர் நர்ஸ் வேலைக்குப் போடப்பட்டிருந்த இன்னொரு கைதி. அப்புறம்தான் ஒரு டாக்டர் வந்து பார்த்தார்.

அடுத்த மூன்று மாதம் என்னென்ன நடந்தது என்பதை வக்கீல் யாரும் இல்லாமல் காம்பிள் தன் கைப்பட எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்தக் கையெழுத்து மனு 1976இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கைதிக்கு மருத்துவம் கிடைக்க வேண்டியது அரசியலமைப்புச் சட்டப்படியான உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது இந்த வழக்கில்தான். இன்றைக்கும் அந்த நாட்டில் சிறை மருத்துவம் பற்றிய எந்த வழக்கை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே காம்பிளின் பெயர் இருக்கும். ஆனால் காம்பிளின் முதுகுவலிக்கு அந்த நீதிமன்றம் நிவாரணம் எதுவும் தரவில்லை. சிகிச்சை கொடுத்த தலைமை டாக்டர்மீது அவர் போட்ட வழக்கு அங்கேயே தோற்றது.

ஏன் தோற்றது என்று புரிந்துகொள்ள அந்த மூன்று மாதத்தைத் தேதிவாரியாகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளம்தான், ஆனால் வழக்கின் உயிர் இந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

விபத்து நடந்த மறுநாள் ஒரு டாக்டர் பார்த்தார். கீழ்முதுகில் தசைப்பிடிப்பு என்றார். ஒரு வலி மாத்திரை, தசை தளர ஒரு மாத்திரை, இரண்டு நாள் ஓய்வு. சிறையில் ஓய்வு என்றால் குளிக்கப் போவதைத் தவிர மற்ற நேரம் அறைக்குள்ளேயே இருக்கலாம், சாப்பாடு அங்கேயே வரும். நவம்பர் 12இல் மறுபடி அதே டாக்டர். அதே மருந்துகள், இன்னும் ஏழு நாள் ஓய்வு. கூடவே ஒரு உத்தரவும் எழுதினார்: இவரை ஒரு வாரத்துக்கு மேல்படுக்கையிலிருந்து கீழ்ப்படுக்கைக்கு மாற்ற வேண்டும். சிறை அதிகாரிகள் மாற்றவில்லை. முதுகு பிடித்துக்கொண்ட மனிதர் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். இந்தக் கட்டில் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்த வாரம் வலி மாத்திரையை மாற்றினார்கள். நவம்பர் 26இல் பழைய மாத்திரைக்கே திரும்பினார்கள். டிசம்பர் 3 அன்று, முதல் நாள் எப்படி வலித்ததோ அப்படியேதான் இன்னும் வலிக்கிறது என்று காம்பிள் சொல்லியும் டாக்டர் ஓய்வை ரத்து செய்தார். லேசான வேலைக்குத் தகுதி என்று இதற்கு அர்த்தம். காம்பிள் ஒரு சிறை அதிகாரியிடம் போய், இந்த வலியில் வேலை செய்ய முடியாது என்றார். அதிகாரி அவரை மற்ற கைதிகளிடமிருந்து பிரித்துத் தனிப் பிரிவில் வைத்தார். இரண்டு நாள் கழித்து ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் நிறுத்தினார்கள். முதுகுவலி, ரத்த அழுத்தம் என்று அவர் சொன்னதைக் கேட்ட குழு, வேறொரு டாக்டர் பார்க்கட்டும் என்றது.

அந்த வேறொரு டாக்டர்தான் கிரே. சிறைத்துறையின் மருத்துவப் பிரிவுக்கே தலைவர், பின்னால் வழக்கில் பிரதிவாதி. சிறுநீர், ரத்தம், ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதித்தார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மருந்தும் முதுகுக்கு மறுபடி வலி மாத்திரையும் எழுதினார். அடுத்த வாரம் ரத்த அழுத்த மருந்தை இன்னும் 30 நாளைக்கு நீட்டித்தார். ஆனால் மருந்துச் சீட்டை ஊழியர்கள் தொலைத்துவிட்டதால் மருந்து வர நான்கு நாள் ஆனது.

ஜனவரியில், வேலைக்குப் போகாவிட்டால் பண்ணைக்கு அனுப்பிவிடுவோம் என்று இரண்டு முறை மிரட்டல் வந்தது. அப்போதும் அவர் போகவில்லை. ஜனவரி 31இல் மறுபடி ஒழுங்கு நடவடிக்கைக் குழு. காம்பிளின் உடல்நிலை முதல் தரமாக இருக்கிறது என்று ஒரு சிறை மருத்துவ ஊழியர் சாட்சி சொன்னார். வேறு டாக்டரைக் கேட்காமல், பரிசோதிக்கவும் சொல்லாமல் குழு அவரைத் தனிமைச் சிறைக்கு அனுப்பியது.

நான்கே நாளில், பிப்ரவரி 4 காலை எட்டு மணிக்கு, நெஞ்சு வலிக்கிறது, அவ்வப்போது நினைவு தப்புகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒரு மருத்துவ உதவியாளர் வந்து பார்த்தபோது இரவு ஏழரை. இடையில் பதினொன்றரை மணி நேரம். பார்த்தவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். மறுநாள் இசிஜி எடுத்தார்கள், அதற்கு மறுநாள் இதயத் துடிப்பு சீரில்லை என்று மருந்து ஆரம்பித்தார்கள். முதல் தர உடல்நிலை என்று சாட்சி சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 7இல் நெஞ்சிலும் இடது கையிலும் முதுகிலும் வலி. டாக்டரைக் கேட்டார், காவலர்கள் முடியாது என்றார்கள். மறுநாள் கேட்டார், மறுபடி முடியாது. 9ஆம் தேதிதான் விட்டார்கள். 11ஆம் தேதி காம்பிள் தன் மனுவில் உறுதிமொழி அளித்துக் கையெழுத்திட்டார்.

இதெல்லாம் அவர் எழுதியது. விசாரணையில் நிரூபிக்கப்பட்டதல்ல, ஏனென்றால் விசாரணையே நடக்கவில்லை. மனுவைப் படித்த மாவட்ட நீதிமன்றம் இதில் வழக்கே இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு நேர்மாறாக, கீழ்முதுகுக்கு ஒரு எக்ஸ்ரேயாவது எடுத்திருக்கலாமே, வேறு சோதனைகள் செய்திருக்கலாமே என்று கேட்டு மனுவுக்கு உயிர் கொடுத்தது. அங்கிருந்து மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. எஸ்டெல் என்பது அப்போதைய டெக்சாஸ் சிறைத்துறை இயக்குநரின் பெயர்.

உரிமை எங்கிருந்து வந்தது

கைதிக்கு மருத்துவம் தர வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. இருப்பது 1791இல் வந்த எட்டாவது திருத்தம். கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கூடாது என்கிறது. அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது சித்திரவதை. இரண்டாவது கருவி 1871ஆம் ஆண்டுச் சட்டம். மாநில அதிகாரி ஒருவர் பதவியைப் பயன்படுத்தி அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால் அவர்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்களைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம் அது. காம்பிள் இந்த இரண்டையும்தான் பிடித்துக்கொண்டார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அவருடைய வாதம் எளிமையானது. வெளியே இருப்பவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் தானாகப் போவான். உள்ளே இருப்பவனால் போக முடியாது, கதவின் சாவி அரசிடம் இருக்கிறது. அரசு பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. விளைவு மோசமானால் சித்திரவதைக்குச் சமமான சாவு, அவ்வளவு போகாவிட்டாலும் எந்தத் தண்டனை நோக்கத்துக்கும் உதவாத வலி. வட கரோலினா மாநில நீதிமன்றம் 1926இலேயே சொன்னதை அவர் எடுத்துக்காட்டினார்: சுதந்திரம் பறிக்கப்பட்டதால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத கைதியைப் பொதுமக்கள் பார்த்துக்கொள்வதே நியாயம்.

இதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற அளவுகோல்: கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்தால் அது எட்டாவது திருத்தத்தை மீறுவதாகும். டாக்டர் செய்தாலும் சரி, டாக்டரைப் பார்க்க விடாமல் தடுக்கும் அல்லது தாமதிக்கும் காவலர் செய்தாலும் சரி, டாக்டர் எழுதிக்கொடுத்த சிகிச்சையில் வேண்டுமென்றே குறுக்கே நிற்கும் அதிகாரி செய்தாலும் சரி.

தெரிந்தே செய்யும் அலட்சியம் எப்படி இருக்கும் என்பதற்கு மார்ஷல் ஓர் அடிக்குறிப்பில் பழைய வழக்குகளைக் காட்டுகிறார். கைதியின் அறுந்த காதைத் தைக்காமல் தூக்கி எறிந்துவிட்டு, சுலபமாக இருக்கிறதே என்று மிச்சத்தை மட்டும் தைத்த டாக்டர். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் ஊசி போட்டு, ஒவ்வாமை வந்ததும் கவனிக்க மறுத்தவர்கள். காலில் அறுவை சிகிச்சை முடிந்த கைதியை நிற்கவே விடக் கூடாது என்று அறுவை நிபுணர் சொல்லியும் நிற்க வைத்து, வலி மருந்தையும் கொடுக்காமல் விட்டு, அந்த அறுவையையே வீணாக்கிய சிறை டாக்டர். முழுத் தீர்ப்பையும் விட இந்த ஒரு அடிக்குறிப்பு அதிகம் பேசுகிறது.

அப்புறம் காம்பிளின் முறை வந்தது. மூன்று மாதத்தில் மருத்துவ ஊழியர்கள் அவரை 17 முறை பார்த்திருக்கிறார்கள் என்று நீதிமன்றம் எண்ணிச் சொன்னது. முதுகு, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்திருக்கலாம்தான், ஆனால் எடுப்பதா வேண்டாமா என்பது டாக்டரின் மருத்துவ முடிவு. தப்பாகவே இருந்தாலும் அதிகபட்சம் அது தொழில் கவனக்குறைவு. நோயாளி கைதி என்ற ஒரே காரணத்துக்காகக் கவனக்குறைவு அரசியலமைப்பு மீறலாக ஆகிவிடாது, அதற்கு மாநில நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கட்டும். டாக்டர் கிரே மீதான வழக்கு இப்படி முடிந்தது. இயக்குநர், சிறைக் கண்காணிப்பாளர் மீதான பகுதியை மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இந்த 17 என்ற எண்தான் எனக்கு உறுத்துகிறது. வலி தீராததால் ஒரு மனிதர் 17 முறை போய் நிற்கிறார். அத்தனை முறையும் பதிவாகிறது. கடைசியில் அந்தப் பதிவே, எவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறோம் பாருங்கள் என்று அரசுத் தரப்புக்குச் சாட்சியாகிறது. மூன்று முறை போய் மூன்று முறையும் விரட்டப்பட்டிருந்தால் காம்பிளின் வழக்கு பலமாக இருந்திருக்கும்.

எழுதிக்கொடுத்தும் நடக்காதவை

ஆனால் அந்த மனுவிலேயே, தீர்ப்பு சொன்ன அளவுகோலுக்கு அச்சு மாதிரி பொருந்துகிற இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. டாக்டர் எழுதிக்கொடுத்தும் கீழ்ப்படுக்கை தராதது ஒன்று. நெஞ்சு வலி என்று கேட்டவரை பிப்ரவரி 7, 8 இரண்டு நாளும் காவலர்கள் டாக்டரிடம் விடாதது இன்னொன்று. முதலாவது எழுதிக்கொடுத்த சிகிச்சைக்குக் குறுக்கே நிற்பது, இரண்டாவது டாக்டரைப் பார்க்க விடாமல் தடுப்பது. இரண்டுமே காவலர்கள், கீழ்மட்ட அதிகாரிகள் செய்த வேலை. காம்பிள் வழக்குப் போட்டதோ இயக்குநர், கண்காணிப்பாளர், தலைமை டாக்டர் மூவர்மீதும். மேலதிகாரி என்பதற்காக மட்டும், கீழே இருப்பவர் செய்ததற்கு ஒருவரை 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொறுப்பாக்க முடியாது. ஒரு வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் வேலையாக அந்தக் காவலர்களின் பெயரைக் கேட்டு வாங்கியிருப்பார். தனிமைச் சிறையில் கிடந்தவருக்கு யார் பெயரை எழுத வேண்டும் என்று யார் சொல்லித்தருவது?

நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவர் இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது: இந்த மனுவை மட்டும் வைத்துச் சிகிச்சை நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. வேலைப்பளுவில் திணறுகிற, ஆள் போதாத ஒரு சிறை மருத்துவப் பிரிவு, நோய் என்னவென்று பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் வலி மாத்திரையை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கலாம் அல்லவா? விசாரித்தால்தானே தெரியும். 17 என்ற எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. தண்டனை கொடூரமா என்று தீர்மானிக்கத் தண்டனையின் தன்மையைப் பார்க்க வேண்டும், அதைக் கொடுத்தவனின் மனதைப் பார்க்கக் கூடாது என்றார் அவர். உதாரணமாகச் சொன்னது ஆண்டர்சன்வில்லை. உள்நாட்டுப் போரின்போது தெற்கு மாநிலங்கள் நடத்திய போர்க் கைதிகள் முகாம் அது, சுமார் 13,000 பேர் அங்கே செத்தார்கள். திட்டமிட்டுச் செய்தார்களா, கவனக்குறைவா, வெறும் வறுமையா? எதுவாக இருந்தாலும் அங்கே நடந்தது கொடூரம்தானே என்பது ஸ்டீவன்ஸின் கேள்வி. நேரான பதில் பெரும்பான்மைத் தீர்ப்பில் எனக்குக் கிடைக்கவில்லை.

மனதைப் பார்க்கும் சட்டம்

பிற்காலச் சட்டம் ஸ்டீவன்ஸ் பயந்த திசையிலேயே போனது. 1994இல் ஃபார்மர் எதிர் பிரென்னன் வழக்கு வந்தது. சிறைக்குள் நடந்த பாலியல் வன்முறை பற்றிய வழக்கு, மருத்துவம் பற்றியது அல்ல. ஆனால் தெரிந்தே செய்யும் அலட்சியம் என்றால் என்ன என்பதை அங்கேதான் வரையறுத்தார்கள். ஆபத்து இருப்பது அதிகாரிக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் கவனிக்கவில்லை என்றால் போதாது.

இதனால் கைதிக்கு இரண்டு சுமை. ஒன்று, நோய் கடுமையானது என்று காட்ட வேண்டும். சிகிச்சை தேவை என்று ஒரு டாக்டரே சொன்ன நோய், அல்லது மருத்துவம் படிக்காதவர் பார்த்தாலும் டாக்டர் வேண்டும் என்று புரிகிற அளவுக்கு வெளிப்படையான நோய் என்பது கீழ் நீதிமன்றங்கள் பரவலாக வைத்திருக்கும் கணக்கு. காம்பிளுக்கு இதில் சிக்கல் இல்லை. இன்னொன்று, அதிகாரிக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். கஷ்டம் முழுக்க இங்கேதான். ஒருவர் மனதில் இருந்ததை இன்னொருவர் எப்படி நிரூபிப்பது?

காகிதத்தால்தான். டாக்டரைப் பார்க்கக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கேட்டார், யார் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார் என்ற குறிப்பு, டாக்டர் எழுதியது ஒன்று நடந்தது ஒன்று என்று காட்டும் சீட்டு. காம்பிள் இதைச் சட்டம் தெரியாமலேயே செய்திருக்கிறார். காலை எட்டு, இரவு ஏழரை என்று மணி போட்டு எழுதியிருக்கிறாரே, அந்தப் பழக்கம்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் கைதியின் ஒரே ஆயுதம். வலி தாங்க முடியவில்லை என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, இன்ன தேதியில் இன்னாரிடம் சொன்னேன் என்ற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

சரி, காம்பிள் அதே மனுவை இன்றைக்கு அனுப்பினால்? 1996இல் வந்த சட்டப்படி, முதலில் சிறைக்குள் இருக்கும் குறைதீர்ப்பு முறையில் கடைசிப் படி வரை போய்விட்டுத்தான் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அந்தப் படிகளுக்குக் கெடு உண்டு. 2006இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு கலிஃபோர்னியா வழக்கில் கெடு 15 வேலை நாள்தான். கெடு தாண்டிப் புகார் கொடுத்துவிட்டு, உள்ளே எல்லா வழியும் முடிந்தது, இனி வழக்குப் போடலாம் என்று வர முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனிமைச் சிறையில் நெஞ்சு வலியோடு கிடக்கும் ஒருவர் படிவத்தையும் நாளையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்றிரண்டு கதவுகள் திறந்தும் இருக்கின்றன. 1988இல் வெஸ்ட் எதிர் அட்கின்ஸ் வழக்கில், டாக்டர் அரசு ஊழியராக இல்லாமல் ஒப்பந்தத்தில் வருபவராக இருந்தாலும் கைதிக்குச் சிகிச்சை தரும்போது அரசின் சார்பில்தான் செயல்படுகிறார் என்றார்கள். சிறை மருத்துவத்தைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால் அரசியலமைப்புப் பொறுப்பும் கைமாறிவிடும் என்ற நினைப்பு இதோடு முடிந்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட பிற்காலத்தில்தான் இந்தத் தீர்ப்பின் அருமை தெரிந்தது.

ஆள் மாறாத பிரதிவாதி

டெக்சாஸ் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. காம்பிளுக்கு முன்பே, 1972இல், டேவிட் ரூயிஸ் என்ற இன்னொரு டெக்சாஸ் கைதியும் கையெழுத்து மனு போட்டிருந்தார். அது ஒரு ஆளின் முதுகைப் பற்றியதாக இல்லாமல் மாநிலச் சிறைகளின் மொத்த நிலையைப் பற்றியதாக வளர்ந்தது. பிரதிவாதி அதே எஸ்டெல். 1980இல் நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் கொடுத்த தீர்ப்பு, டெக்சாஸ் சிறைகள் அரசியலமைப்புக்கு விரோதமாக நடக்கின்றன என்றது. காரணங்களில் ஒன்று மருத்துவம். பயிற்சி இல்லாத கைதிகளை மருத்துவ வேலையில் போட்டிருந்ததும் அங்கே சுட்டிக்காட்டப்பட்டது. விபத்து நடந்த அன்று காம்பிளுக்கு மாத்திரை கொடுத்த அந்த சக கைதியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு தனி மனுவில் கடந்து போகிற ஒரு வரி, ஆயிரக்கணக்கானவர்களின் வழக்கில் ஆதாரமாகிறது.

மனதைத் தேடும் அளவுகோலிலிருந்து தப்பிக்க நடைமுறையில் வழி இதுதான். தனி டாக்டரை விட்டுவிட்டு அமைப்பின் மீது வழக்குப் போடுவது. ஆண்டுக்கணக்கில் அறிக்கைகளும் நீதிமன்ற உத்தரவுகளும் குவிந்து கிடக்கும்போது, எங்களுக்குத் தெரியாது என்று ஒரு மாநிலம் சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் 2001இல் தொடுத்த பிளாட்டா வழக்கு அப்படித்தான் போனது. மாநிலச் சிறைகள் கட்டப்பட்டது சுமார் 80,000 பேருக்கு, அடைத்து வைத்திருந்தது ஏறக்குறைய 1,56,000 பேரை. ஆறு ஏழு நாளைக்கு ஒரு கைதி தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் சாகிறார் என்று கீழ் நீதிமன்றம் கண்டறிந்திருந்தது. தொடர்ந்த நெஞ்சு வலியோடு எட்டு மணி நேரம் டாக்டருக்காகக் காத்திருந்து செத்தவர் ஒருவர். 17 மாதம் விதைப்பையில் வலி என்று சொல்லியும் புற்றுநோயா என்று யாரும் பார்க்காததால் செத்த இளைஞர் இன்னொருவர்.

2011 மே 23இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவின் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி, அந்த நீதிமன்றத்தில் அபூர்வமாக நடக்கும் ஒரு காரியமும் செய்தார்: தீர்ப்போடு மூன்று புகைப்படங்களை இணைத்தார். ஒன்றில், மனநலப் பிரிவில் படுக்கை காலியாகும்வரை ஆட்களை நிறுத்தி வைக்கும் டெலிபோன் பூத் அளவுக் கூண்டுகள். மற்ற இரண்டிலும் பெரிய கூடங்கள், வரிசை வரிசையாக நெருக்கிப் போட்ட அடுக்குக் கட்டில்கள்.